சோதனைக்கு வந்தவர்

வாசல் பலகையில் தன் போட்டோவை மாட்டிய நாளிலிருந்தே அவளுக்கு நிம்மதி போயிருந்தது.

மாட்டுவதற்கு முன்பே குடியிருப்புச் சங்கத் தலைவரிடம் கெஞ்சிப் பார்த்தாள். மூஞ்சி சரியாக விழவில்லை, வேறு எடுத்துத் தருகிறேன் என்று சாக்குச் சொல்லியும் பார்த்தாள். தலைவர் நல்ல மனிதர்தான். ஆனால் சட்டம் என்ற சொல்லைச் சொல்லும்போது மட்டும் அவருக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

"நான் என்னம்மா செய்ய முடியும்? கன்ட்ரோல் ரூம்ல யார் உக்காந்திருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியணுமாம். படம் கேட்டுக்கு வெளியில, கண் மட்டத்துல, விளக்குக்குக் கீழ இருக்கணும்னு சட்டத்துலயே போட்டிருக்கு."

விளக்கையும் போட்டுக் காட்டுகிறார்களாம். ஒளிந்து வாழ வந்தவளின் முகத்துக்கு வேறு என்ன வேண்டும்!

புதிதாகக் கட்டும் குடியிருப்புகளுக்கென்று மாநில அரசு கொண்டுவந்த பாதுகாப்புச் சட்டம் அது. ஆள் உயரத்துக்கு மேல் மதில், ஒரே ஒரு வாசல், மூலைக்கு மூலை கேமரா, எந்நேரமும் ஆள் உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பு அறை. அந்த அறையில் இருப்பவர் அடுத்த ஆள் வந்து மாற்றும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அதை அமுக்கினால் எல்லாக் கட்டடக் கதவுகளும் ஒரே நொடியில் பூட்டிக்கொள்ளும். இதையெல்லாம் எழுதியவர்கள் திருடனைப் பற்றி மூளையைக் கசக்கி யோசித்திருந்தார்கள். திருடனாக இல்லாமல் தேடி வருகிறவனைப் பற்றி அவர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அவளுக்கு அந்த வேலையோடு ஓர் அறையும் கிடைத்திருந்தது. கண்காணிப்பு அறைக்குப் பின்னாலேயே, ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு ஜன்னல். அவளுக்கும் ஆறு வயது மகளுக்கும் அது அரண்மனை. மதிலும் கேமராவும் யாருக்காக வந்ததோ, தனக்காகவே வந்தது போல அவள் மகிழ்ந்துபோனாள். ஒரே ஒரு சிக்கல். வேலைக்குச் சேருபவரின் குடும்பத்தில் போலீஸ் கேஸ் எதுவும் நடப்பில் இருக்கக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருந்தது. அவளுக்கோ கேஸ் ஒன்றுக்கு இரண்டு. புருஷன் அடித்ததற்கு அவள் கொடுத்தது ஒன்று, பிள்ளையைக் கடத்திக்கொண்டு போய்விட்டாள் என்று அவன் கொடுத்தது இன்னொன்று. ஆகவே தலைவர், "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்று கேட்டபோது, "தவறிட்டாரு சார்" என்று சொல்லிவிட்டாள். உயிரோடு இருக்கும் மனிதனைக் கொன்ற குற்ற உணர்ச்சியெல்லாம் அவளுக்கு இல்லை. அன்றைக்கு இரவு அசந்து தூங்கினாள்.

மகளுக்கும் அதையே பழக்கினாள். வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒப்பிக்க வைத்தாள். "அப்பா எங்கன்னு யாராவது கேட்டா?" "செத்துட்டாரு." "யாரையாவது காட்டி இவரைத் தெரியுமான்னு கேட்டா?" "தெரியாது." "அழுதா?" "அழ மாட்டேன்." பிள்ளை ஒரு முறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. அவ்வளவு சமத்து. அந்தச் சமத்து எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அவள் நினைக்காமல் பார்த்துக்கொண்டாள்.

அந்த வாரம் குடியிருப்பே பரபரப்பில் இருந்தது. சட்டப்படி ஒரு சோதனை பாக்கி. அரசுத் துறையிலிருந்து யாரென்று தெரியாத ஓர் ஆளை அனுப்புவார்கள். அவர் திருட்டுத்தனமாக உள்ளே நுழையப் பார்ப்பார். வாசலிலேயே பிடித்துவிட்டால் தேறினோம். பிடிக்காமல் விட்டால் குடியிருப்புக்குச் சான்றிதழ் கிடையாது, யாரும் வீட்டைப் பதிவு செய்ய முடியாது. போன முறை கோட்டை விட்டுவிட்டார்கள். வந்தவர் தோளில் ஏணியோடு வந்தார். ஐயோ பாவம், கனமாக இருக்குமே என்று தலைமைக் காவலாளியே ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

அந்தக் காவலாளியை எல்லாரும் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். பட்டாளத்தின் பக்கம் தலைவைத்துப் படுத்தவர்கூட இல்லை. மீசை வாங்கித் தந்த பட்டம். ஏணி விவகாரத்துக்குப் பிறகு மனிதர் மாடி வீட்டுக்காரர்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் கூனிக் குறுகிப் போயிருந்தார். இந்த முறை பிடிக்காவிட்டால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று கேட்போர் கேளாதோரிடமெல்லாம் சபதம் போட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் விடுமுறை. சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. மகள் விளையாட்டுத் திடலில் சறுக்குமரத்தில் ஏறுவதும் வழுக்குவதுமாக இருந்தாள். அவளை ஒரு கண்ணும் மற்ற திரைகளை ஒரு கண்ணுமாகப் பார்த்துக்கொண்டு அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

வாசல் திரையில் கூரியர்காரர் ஒருவர் வெளியே போக, கதவு மூடுவதற்குள் ஓர் ஆள் பக்கவாட்டாக நுழைந்தான். தலையில் தொப்பி. கேப்டன் பாய்ந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்தார். சபாஷ் கேப்டன் என்று அவள் வாய்விட்டே சொன்னாள். அப்போது அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு நெற்றியைத் துடைத்தான்.

இடது கையால், புறங்கையால், மேலிருந்து கீழாகத் துடைத்தான்.

முகம் அந்தத் திரையில் கட்டை விரல் அளவுகூட இல்லை. முகமே வேண்டாம், அந்தக் கை போதும். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கும் முன்னால் அப்படித்தான் துடைப்பான். அடுத்து என்ன நடக்கும் என்று அவள் உடம்புக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவள் கைகள் இரண்டும் தலையைத் தேடிப் போய்விட்டன.

திரையில் சத்தம் வராது. வாயசைவுதான் தெரியும். கேப்டன் காலரை உலுக்கி ஏதோ கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. கேப்டன் இன்னொன்று கேட்டார். இந்த முறை முகமெல்லாம் பல்லாகக் கேட்டார். அவன் ஒரு கணம் யோசித்தான், மெல்லச் சிரித்தான், தலையை ஆட்டினான். உடனே கேப்டனின் கை காலரை விட்டது. கசங்கிய சட்டையை அவரே நீவிவிட்டார். பிறகு குதிகால் சேர விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

என்ன கேட்டிருப்பார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. 'சார், நீங்க சோதனைக்கு வந்தவர்தானே?' ஐயோ கேப்டன், ஐயோ!

பிடிபட்ட சோதனை ஆளை என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் சட்டத்தில் முறை இருந்தது. மரியாதையோடு கண்காணிப்பு அறைக்குக் கூட்டிவர வேண்டும். அவர் நுழைந்த காட்சி பதிவாகியிருக்கிறதா என்று அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அதாவது கேப்டன் அவனைக் கைத்தாங்கலாக இங்கேதான் கூட்டிவரப் போகிறார்.

அவள் வயர்லெஸ்ஸை எடுத்தாள். அந்தக் கருவியில் பேசினால் எல்லாக் காவலாளிகளுக்கும், தலைவர் வீட்டில் இருக்கும் இன்னொன்றுக்கும் கேட்கும்.

"கேப்டன்... அவரை உள்ள விடாதீங்க. ப்ளீஸ், உள்ள விடாதீங்க."

"கவலையே படாதம்மா! பிடிச்சாச்சு! சாரே ஒத்துக்கிட்டாரு!" கேப்டனின் குரல் கல்யாண வீடு போலக் கலகலத்தது. "கூட்டிட்டு வரேன், நீ வீடியோவை ரெடியா வை."

"அவர் சோதனை ஆள் இல்ல. கார்டு கேளுங்க. கார்டு இருக்கான்னு கேளுங்க!"

திரையில் கேப்டன் அவன் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். கேப்டன் வயர்லெஸ்ஸை அவனிடம் கொடுத்துவிட்டார். அவ்வளவு பவ்யமாகக் கொடுத்தார்.

"வணக்கம் மேடம்." அறைக்குள் அந்தக் குரல் வந்தது. "நல்லா இருக்கீங்களா? வெளியில உங்க போட்டோ பார்த்தேன். நல்லா விழுந்திருக்கு. கார்டெல்லாம் உங்க கையிலயே குடுக்கறேன். சீட்டை விட்டு மட்டும் எழுந்திருக்காதீங்க. எழுந்தா ஃபெயில், தெரியுமில்ல?"

இந்த விதியைக்கூட அவனுக்குக் கேப்டன்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு வருடமாகக் கேட்காத குரல். ஊர் மாறி, வீடு மாறி, தலைமுடியை வெட்டி, சொந்தங்களை விட்டு, எதற்காக ஓடினாளோ அது இப்போது காவலாளியின் துணையோடு நடந்து வருகிறது. இவன் என் புருஷன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலைவர் வீட்டுக் கருவியில் அது கேட்கும். செத்துப்போனவன் எப்படி வந்தான் என்று கேட்பார்கள். வேலை போகும், அறை போகும், மதிலுக்கு வெளியே போய் நிற்க வேண்டும், பிள்ளையோடு. வெளியேதான் அவனுக்கும் வசதி.

போலீசுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் குடியிருப்பின் பெயரைக் கேட்டதுமே பெருமூச்சு விட்டார்.

"அங்க சோதனை வாரமாம்மா?"

"ஆமா சார், ஆனா இது நிஜம் சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க. இந்தச் சட்டம் வந்ததுல இருந்து எங்களுக்கு இதே பொழைப்பாப் போச்சு. சங்கத் தலைவரை விட்டுப் பேசச் சொல்லுங்க. அவர் சொன்னா வண்டி வரும்."

அவள் போனை வைத்துவிட்டுத் திரைகளைப் பார்த்தாள். அவர்கள் வாகன நிறுத்தத்தைத் தாண்டிவிட்டார்கள். கேப்டன் முன்னால் கையை நீட்டி வழி காட்டிக்கொண்டு வந்தார், மாப்பிள்ளை அழைப்பு கெட்டது போங்கள். பால்கனிகளில் தலைகள் முளைத்தன. விஷயம் அதற்குள் பரவிவிட்டது. யாரோ கைதட்டுவதும், இன்னொருவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவதும் தெரிந்தன. அவன் எல்லாருக்கும் அரசியல் தலைவர்களைப் போலக் கையசைத்தான்.

அடுத்த திரை விளையாட்டுத் திடல்.

வாசலிலிருந்து கண்காணிப்பு அறைக்கு வரும் பாதை திடலை ஒட்டித்தான் வருகிறது. தினமும் அந்த வழியாகத்தான் அவள் மகளைக் கூப்பிடப் போவாள். எப்படி இது இத்தனை நேரம் உறைக்காமல் போயிற்று? தன்னைத் தேடி வருகிறான் என்றே நினைத்துக்கொண்டிருந்தாளே! கடைசியாகப் பார்த்த அன்று அவன் சொன்னது தெளிவாகத்தானே இருந்தது. 'உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவேன். நீ தேடித் தேடியே சாகணும்.'

கை சிவப்புப் பொத்தானுக்குப் போனது. அமுக்கப் போனவள் அப்படியே நிறுத்தினாள். அமுக்கினால் கட்டடக் கதவுகள் எல்லாம் பூட்டிக்கொள்ளும். மாடி வீட்டுக்காரர்கள் எல்லாரும் பத்திரமாக உள்ளே இருப்பார்கள். மகள் வெளியே இருப்பாள், அவனோடு. யாரும் இறங்கி வரவும் முடியாது.

திரையில் அவன் நின்றான். சறுக்குமரத்தைப் பார்த்தான். பிறகு பாதையை விட்டுப் புல்லில் கால் வைத்தான்.

அவள் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடினாள்.

செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. திடலுக்குள் அவள் பாய்ந்தபோது அவன் மகளின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தான். இடையில் புகுந்து பிள்ளையை இழுத்துத் தன் பின்னால் விட்டுக்கொண்டாள். மூச்சு வாங்கியதில் வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன.

"கேப்டன்... இவன் சோதனை ஆள் இல்ல. என் புருஷன். பிள்ளையைத் தூக்கிட்டுப் போக வந்திருக்கான். பிடிங்க, பிடிங்க!"

கேப்டன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மேலே பால்கனியில் யாரோ சிரித்தார்கள். "நடிப்பு சூப்பர்!" என்று ஒரு குரல் வந்தது. சோதனையில் எதுவும் நடக்கும், யார் வேண்டுமானாலும் நடிப்பார்கள் என்று அவர்கள் முடிவே கட்டிவிட்டிருந்தார்கள்.

அவன் நிதானமாக எழுந்தான். முட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டான்.

"கேப்டன், பார்த்துக்கிட்டீங்களா? கன்ட்ரோல் ரூம்ல இப்ப யாரும் இல்ல. அம்மா சீட்டை விட்டு எழுந்து வந்துட்டாங்க. இதுவும் சோதனைதான். ஃபெயில்."

கேப்டனின் முகத்தில் ஈயாடவில்லை. "சார், சார், அப்படிச் சொல்லாதீங்க சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பக்கம் திரும்பியபோது கண் சிவந்திருந்தது. "ஏம்மா, உனக்குப் புத்தி இருக்கா? எழுந்திருக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இத்தனை பேர் வீட்டுல மண்ணைப் போட்டுட்டியே!"

"சத்தியமா என் புருஷன்தான் கேப்டன்!"

"உன் புருஷன்தான் தவறிட்டாருன்னு நீயே சொன்னியேம்மா!"

"பொய் சொன்னேன்!" அவள் கத்தினாள். திடலே அதிரும்படி கத்தினாள். "வேலைக்காகப் பொய் சொன்னேன். அடிப்பான்னு பயந்து ஓடி வந்தேன். இப்பவும் பயமா இருக்கு, பார்க்கத் தெரியலையா உங்களுக்கு?"

கைதட்டல் நின்றிருந்தது. கேப்டன் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். யாரை நம்புவது என்று தெரியாமல் தவித்த மனிதர், தனக்குத் தோன்றிய நியாயமான வழியைத் தேர்ந்தெடுத்தார். குனிந்து, அவளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பிள்ளையிடம் கேட்டார்.

"பாப்பா, பயப்படாம தாத்தாகிட்ட சொல்லு. இவர் யாரு? உங்க அப்பாவா?"

அவளுக்கு உலகமே நின்றுவிட்டது. சொல்லு கண்ணு, ஆமான்னு சொல்லு என்று உள்ளுக்குள் கதறினாள். அவள் வாய் திறப்பதற்குள் மகள் அம்மாவின் முகத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள். சரியாகச் சொல்ல வேண்டும் என்ற அக்கறை அந்த முகத்தில் அப்படியே இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தெரியாது. எங்க அப்பா செத்துட்டாரு."

அழவில்லை. ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

கேப்டன் நிமிர்ந்தார். முடிந்தது என்று அவள் நினைத்தாள். இனி இந்தக் கூட்டமே சேர்ந்து தன்னை அறைக்குள் தள்ளும், அவன் பிள்ளையைக் கைப்பிடித்து வாசல் வழியே நடத்திக்கொண்டு போவான், கேப்டன் கதவைத் திறந்துவிட்டுச் சல்யூட் அடிப்பார்.

அவன் மட்டும் அந்த இடத்தில் சிரித்திருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும். சிரிக்க அவனால் முடியவில்லை. அவன் கழுத்து நரம்பு புடைத்தது. இடது புறங்கை நெற்றிக்குப் போய் மேலிருந்து கீழாகத் துடைத்தது.

"யாருடி செத்தது?" என்றான் பிள்ளையிடம். "ஏய், என்னைப் பார்த்துச் சொல்லு. யாருடி செத்தது? பெத்தவனைச் செத்துட்டான்னு சொல்லச் சொல்லிக் குடுத்தாளா உங்க ஆத்தா?"

எட்டிப் பிள்ளையின் கையைப் பிடித்தான். பிள்ளை கத்தவில்லை, ஓடவும் இல்லை. பிடிபடாத கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, தோளைக் குறுக்கி, அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டது. நெடுநாள் பழக்கம் இருந்தால்தான் ஒரு குழந்தை அவ்வளவு வேகமாக உட்கார முடியும்.

பால்கனியில் ஒரு பெண், "ஐயையோ" என்றாள்.

கேப்டன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அவரைவிட ஒரு தலை உயரம். அப்போதும் அவருக்கு முழு நிச்சயம் வரவில்லை என்று பிற்பாடு அவரே சொன்னார். ஆனாலும் முன்னால் வந்து அவன் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா கையை விடு."

"யோவ், நான் யாருன்னு தெரியுமா? ஃபெயில் போட்டுடுவேன். எல்லாருக்கும் ஃபெயில்!"

"போட்டுக்கோ" என்றார் கேப்டன். குரல் உடைந்து கீச்சென்று வந்தது. "நீ நிஜமாவே சோதனைக்கு வந்தவனா இருந்தாலும் போட்டுக்கோ. ஃபெயில்னா ஃபெயில். பாப்பா கையை விடுடா!"

அவன் உதறினான். கேப்டன் புல்லில் விழுந்தார், ஆனால் பிடியை விடவில்லை. அவரை இழுத்துக்கொண்டே அவன் ஓரடி வைப்பதற்குள் மற்றக் காவலாளிகள் ஓடி வந்துவிட்டார்கள். கட்டடக் கதவுகள் பூட்டாமல் இருந்ததால் படிகளில் ஆட்கள் இறங்கி வந்தார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் கைதட்டியவர்கள்தான். தலைவர் வீட்டு உடையில், வயர்லெஸ்ஸைக் கையில் பிடித்தபடி மூச்சிரைக்க வந்தார். திடலில் அவள் கத்தியதுவரை எல்லாம் கேட்டிருந்தது அவருக்கு. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் போலீசுக்குப் போன் போட்டார். அவர் சொன்னதும் வண்டி வந்தது.

அவனை ஏற்றும்போது அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. வாசல் பலகையில் இருந்த போட்டோவைப் பார்த்துச் சிரித்தான். வண்டி திரும்பிப் போகும்வரை அவள் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. நாளைக்கோ மறுநாளோ விட்டுவிடுவார்கள். இடம் தெரிந்துவிட்டது. வேலை இருக்குமா என்று தலைவரிடம் கேட்டதற்கு, "சட்டத்துல என்ன வழி இருக்குன்னு பார்க்கறேம்மா" என்றார். அவர் முதுகு இந்த முறை நிமிரவில்லை.

அறைக்குள் வந்ததும் உள் தாழ்ப்பாளைப் போட்டாள். ஒரு முறைக்கு இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். மகள் கட்டிலில் உட்கார்ந்து, சிவந்துபோன மணிக்கட்டை ஊதிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நான் சரியாத்தானே சொன்னேன்?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அழவும் இல்ல" என்றது பிள்ளை. பாராட்டுக்குக் காத்திருந்தது.

"இனிமே அப்படிச் சொல்ல வேண்டாம் கண்ணு."

"அப்ப யாராவது கேட்டா என்ன சொல்லணும்?"

"எங்க அப்பாதான், எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லணும். கத்திச் சொல்லணும். எல்லாருக்கும் கேக்கணும்."

பிள்ளை யோசித்தது. "இப்ப சொல்லிப் பார்க்கவா?"

"சொல்லு."

மகள் வாயைத் திறந்தாள். "எங்க அப்பாதான்" என்று தொடங்கியவளுக்கு மேலே வரவில்லை. உதடு கோணியது. ஒப்பிக்க வேண்டிய மீதியை மறந்துவிட்டு, இரண்டு வருடத்துக்குச் சேர்த்து, அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். அம்மா அவளைத் தடுக்கவில்லை.